முழு ஆண்டின் கணக்கு: சாத்தம் முதல் சிப்பிகாட் வரை பறவை நோக்கலின் வரலாறு

ஓர் இடத்தின் பறவைகளை அறிவது, அங்குள்ள இனங்களின் பட்டியலை எழுதி முடிப்பதோடு நிறைவடைவதில்லை. எந்தப் பறவை எந்த மாதத்தில் வருகிறது, எது கூடு கட்டி நிலைக்கிறது, எது சில நாள் இளைப்பாறிவிட்டுக் கடக்கிறது என்னும் ஆண்டுச் சுழற்சி முழுவதையும் அறிந்த பின்பே அவ்வறிவு நிறைவு பெறுகிறது. அந்தமான் தீவுகளில் பறவை நோக்கலின் வரலாற்றை இந்த அளவுகோலைக் கொண்டு பார்க்கும்போது ஓர் உண்மை புலப்படுகிறது. இத்தீவுகளின் பறவைகளுக்கு அறிவியல் பெயர் சூட்டும் பணி பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே பெரும்பகுதி முடிந்துவிட்டபோதிலும், அவற்றின் ஆண்டு வாழ்வைப் பதிவு செய்யும் பணி மிக மெதுவாகவே நடந்திருக்கிறது. ஏனெனில் ஒவ்வொரு தலைமுறையின் நோக்கரும் தம் பதவியோ பயணமோ அனுமதித்த பருவத்தையே பெரும்பாலும் கண்டனர்.

இவ்வரலாற்றின் ஒரு முனை சாத்தம். மற்றொரு முனை சிப்பிகாட். சாத்தம் என்பது, 2024ஆம் ஆண்டு ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேயரின் துறைமுகத்துக்குள், பாலம் ஒன்றால் நகரத்தோடு இணைக்கப்பட்டுள்ள சிறு தீவு. ஊரார் ‘சா மில்’ என்று அழைக்கும் மர அறுவை ஆலை அங்கு உள்ளது. சிப்பிகாட் என்பது நகரிலிருந்து உள்நோக்கிச் செல்லும் சாலையில், கழியை ஒட்டிக் கிடக்கும் தாழ்நிலம். இன்று போர்ட் பிளேயர் வட்டாரத்தில் நீர்ப்பறவை பார்க்க விரும்புவோர் முதலில் நாடும் சதுப்பு அதுவே. அரசு அறிவித்த சரணாலயமாகவோ பழைய ஏரியாகவோ இல்லாத இச்சதுப்பு எவ்வாறு உருவானது என்னும் கேள்வி, காடு, கழனி, கடல் ஆகிய மூன்றின் கதையையும் உள்ளடக்கியது.

தீவுகளின் காலநிலையை முதலில் சுருக்கமாகக் குறிப்பிடுவது பொருந்தும். ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பெறும் இப்பகுதியில், மே மாதத்தில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழை செப்டம்பரைக் கடந்தும் நீடிக்கிறது. அதைத் தொடர்ந்து வடகிழக்குப் பருவக்காற்று ஆண்டின் இறுதி வரை மழை தருகிறது. ஜனவரி முதல் ஏப்ரல் வரையிலான மாதங்கள் மட்டுமே ஓரளவு வறண்டவை. கடல் அமைதியாகவும் காடு நடக்கத் தக்கதாகவும் இருக்கும் அந்தக் குறுகிய வறட்காலமே வெளியிலிருந்து வந்த ஆய்வாளர்களின் காலமாகவும் அமைந்தது.

ஆனால் ஆண்டு முழுவதையும் அறிந்த ஒரு மரபு இத்தீவுகளில் முன்பே இருந்தது. 1906 முதல் 1908 வரை இங்கு களப்பணி செய்து, 1922இல் ‘தி அந்தமான் ஐலாண்டர்ஸ்’ என்னும் நூலை வெளியிட்ட மானிடவியலாளர் ஏ.ஆர். ராட்கிளிஃப்-பிரவுன், பெரிய அந்தமானிய மக்கள் ஆண்டை இரு காற்றுகளின் ஆட்சியாகப் பிரித்துக்கொண்டதையும், வடகிழக்குக் காற்றைப் பிலிகு என்னும் ஆற்றலோடும் தென்மேற்குக் காற்றைத் தராய் என்னும் ஆற்றலோடும் தொடர்புபடுத்தியதையும், காட்டில் அடுத்தடுத்துப் பூக்கும் மலர்களைக் கொண்டு பருவங்களுக்குப் பெயரிட்டதையும் பதிவு செய்தார். அவர் தொகுத்த கதைகளில் பறவைகள் மூதாதையராக வருகின்றன. மீன்கொத்தி பிலிகுவிடமிருந்து நெருப்பைக் கவர்ந்து வந்த கதை அவற்றுள் புகழ்பெற்றது. இம்மக்களின் மொழியை ஆராய்ந்த அன்விதா அப்பி, எஞ்சியிருந்த சில பேச்சாளர்களின் நினைவிலிருந்து பறவைப் பெயர்களைத் திரட்டி, பறவையியலாளர் சதீஷ் பாண்டேயுடன் இணைந்து 2011இல் நூலாக்கினார். ஒரு மொழி மறையும்போது அதனுள் இருக்கும் பறவை அறிவும் உடன் மறைகிறது என்பதற்கு அந்நூல் சான்று. அதே வேளையில், துப்பாக்கியும் குறிப்பேடும் வருவதற்கு நெடுங்காலம் முன்பே இத்தீவுகளில் பறவை நோக்கல் இருந்தது என்பதற்கும் அதுவே சான்று.

ஐரோப்பியர் இத்துறைமுகத்தில் முதலில் கால் ஊன்றிய இடம் சாத்தம். கிழக்கிந்தியக் கம்பெனியின் கடல் அளவையாளரான ஆர்ச்சிபால்டு பிளேயர் 1789இல் இத்தீவில் ஒரு குடியிருப்பை நிறுவினார். 1792இல் அது வட அந்தமானின் வேறொரு துறைமுகத்துக்கு மாற்றப்பட்டு, நோயும் இறப்பும் மிகுந்ததால் 1796இல் கைவிடப்பட்டது. 1857இன் பெருங்கிளர்ச்சிக்குப் பின், 1858 மார்ச் 10 அன்று ஜே.பி. வாக்கர் 200 கைதிகளோடு வந்திறங்கியபோதும் தொடக்க முகாம் சாத்தத்திலேயே அமைந்தது. குடிநீர்ப் பற்றாக்குறையால் தலைமையிடம் ராஸ் தீவுக்கு மாறியது. நாடு கடத்தப்பட்டோரின் உழைப்பால் காடு திருத்தப்பட்ட அந்த ஆண்டுகளே பறவைகளின் அறிவியல் பதிவு தொடங்கிய ஆண்டுகளும் ஆகும். இரண்டையும் தனித்தனியே பார்க்க இயலாது.

பதிவாளர்களும் ஆட்சியாளர்களும் அக்காலத்தில் பெரும்பாலும் ஒருவரே. 1862 முதல் 1864 வரை போர்ட் பிளேயர் குடியேற்றத்தின் கண்காணிப்பாளராக இருந்த ராபர்ட் டைட்லர், பறவை மாதிரிகளைச் சேகரிப்பதில் பேரார்வம் கொண்டவர். மாதிரி என்பது, சுட்டு வீழ்த்திய பறவையின் தோலை இறகோடு உரித்துப் பதப்படுத்தி, இடமும் நாளும் எழுதிய சீட்டுக் கட்டி, அருங்காட்சியகத்தில் சேமிப்பதைக் குறிக்கும். அந்தமான் வால்காக்கைக்கு 1863இல் டைட்லரே பெயர் சூட்டினார். அதே ஆண்டில் அந்தமான் பாம்புண்ணிக் கழுகு எல்ஜின் பிரபுவின் பெயரையும், சதுப்புக் காடுகளில் மறைந்து வாழும் அந்தமான் கானாங்கோழி கானிங் பிரபுவின் பெயரையும் பெற்றன. இருவரும் அடுத்தடுத்து வைஸ்ராய்களாக இருந்தவர்கள். பறவைகளைத் தம் மூதாதையராகக் கண்ட மக்களின் தீவுப் பறவைகள், கல்கத்தாவில் இருந்த ஆட்சித் தலைவர்களின் பெயர்களால் உலகுக்கு அறிமுகமாயின.

இத்தகைய சேகரிப்பின் உச்சம் ஆலன் ஆக்டேவியன் ஹியூமின் 1873ஆம் ஆண்டுப் பயணம். பின்னாளில், 1885இல், இந்திய தேசிய காங்கிரஸின் தோற்றத்துக்குக் காரணமானவர்களுள் ஒருவராக அறியப்பட்ட ஹியூம், அக்காலத்தில் இந்தியப் பறவையியலின் மையமாகவும், ‘ஸ்ட்ரே ஃபெதர்ஸ்’ என்னும் பறவையியல் இதழின் ஆசிரியராகவும் விளங்கினார். நிலவியலாளர்களான ஃபெர்டினாண்ட் ஸ்டோலிஸ்கா, வாலண்டைன் பால் ஆகியோரோடு அவர் மார்ச் மாதத்தில் வங்காள விரிகுடாவின் தீவுகளுக்குக் கப்பலேறினார். அவருக்காக மாதிரிகள் சேகரித்த வில்லியம் டேவிசனின் உழைப்பும் சேர்ந்ததால், அந்தமான் காட்டுப்புறா, நார்கொண்டம் இருவாச்சி, வாலண்டைன் பாலின் பெயரைத் தாங்கிய அந்தமான் சிற்றாந்தை முதலிய பல இனங்கள் அந்த ஓராண்டிலேயே விவரிக்கப்பட்டன. பயண அறிக்கை 1874இல் இதழில் வெளியாயிற்று. அந்தமான் கிளுவை என்னும் சிறு வாத்துக்கும் ஹியூம் 1873இல்தான் பெயர் சூட்டினார். ‘வெண்தொண்டை உடையது’ எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லைத் தாங்கிய இப்பறவை, கண்ணைச் சுற்றிய வெள்ளை வளையத்தால் எளிதில் அடையாளம் காணத் தக்கது. அந்தமான் தீவுகளிலும், அவற்றுக்கு வடக்கே மியான்மருக்கு உரிய கோகோ தீவுகளிலும் தவிர உலகில் வேறெங்கும் நிலையாக வாழ்வதில்லை.

ஹியூமின் பணியின் பெருமையைக் குறைக்காமலேயே அதன் எல்லையையும் சுட்டலாம். அவர் வந்தது வறட்காலத்தில். கிளுவை கூடு கட்டும் தென்மேற்கு மழைக்காலத்தில் தீவுகளின் புறக்கரைகளுக்குப் படகில் செல்வதே அரிது. ஒரு பருவத்தில் வந்து செல்பவருக்குப் பறவையின் உருவமும் நிறமும் கிடைக்கும். அதன் வாழ்க்கை கிடைக்காது.

1883ஆம் ஆண்டில் இரண்டு நிறுவனங்கள் பிறந்தன. ஒன்று, பம்பாயில் தொடங்கப்பட்ட பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம். மற்றொன்று, சாத்தத்தில் நிறுவப்பட்ட மர அறுவை ஆலை. அந்தமானில் வனத்துறை அமைக்கப்பட்டதும் அதே ஆண்டில்தான். தமிழர் நன்கறிந்த வேங்கை மரத்தின் பேரினத்தைச் சேர்ந்த படாக், மேலும் குர்ஜன் முதலிய மரங்கள் காட்டில் வெட்டப்பட்டு, யானைகளால் இழுக்கப்பட்டு, கழிகளின் வழியே சாத்தத்தின் ஆலையை வந்தடைந்தன. தீவின் பொருளாதாரம் பல தலைமுறைகளுக்கு இவ்வாலையைச் சுற்றியே இயங்கியது. ஆயினும் இதே வனத்துறைதான் தீவிலேயே தங்கி ஆண்டு முழுவதும் காட்டைக் காணும் முதல் எழுத்தறிந்த நோக்கர்களையும் உருவாக்கியது. வன அலுவலரான பி.பி. ஆஸ்மாஸ்டன் 1906இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில் எழுதிய குறிப்புகள், அதுவரை எவரும் விவரித்திராத பல அந்தமான் பறவைகளின் கூடுகளையும் முட்டைகளையும் பதிவு செய்தன, ஏ.எல். பட்லர் அதற்குச் சில ஆண்டுகள் முன்பே அதே இதழில் தீவுப் பறவைகளைத் தொகுத்து எழுதியிருந்தார். மழையில் நனைந்து காட்டில் தங்கியவரால் மட்டுமே கூடுகளைக் காண முடிந்தது என்பது இங்கு கருதத் தக்கது.

கூட்டைப் பற்றிய இவ்வறிவு மரத்தொழிலின் மறுபக்கத்தையும் வெளிப்படுத்துகிறது. அந்தமான் கிளுவை நீரில் மேய்ந்தாலும் மரப்பொந்துகளில் முட்டையிடுகிறது. 1860இல் அறிவியல் பெயர் பெற்ற அந்தமான் கரும்மரங்கொத்தியும், தீவின் ஆந்தைகளும், கிளிகளும் பொந்துகளையே நம்பி வாழ்கின்றன. பொந்து என்பது இளமரத்தில் உண்டாவதில்லை. கிளை முறிந்து, உள்ளீடு உளுத்து, நூற்றாண்டு கடந்த முதுமரத்திலேயே உண்டாகிறது. ஆலைக்குச் செல்லும் பெருமரமும் பறவைக்கு வீடாகும் பெருமரமும் ஒரே காட்டில், ஒரே அகவையில் நிற்பவை என்பதால், சாத்தத்தின் கணக்கேட்டில் ஏறிய ஒவ்வொரு பெருந்தடியும் பறவைகளின் கணக்கில் ஓர் இழப்பாகவே நின்றது. 2002 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் தீவுகளில் மரம் வெட்டுவதற்குக் கடுமையான வரம்புகள் விதித்த பின் ஆலையின் வேகம் தணிந்தது.

சதுப்பின் கதை இதற்கு இணையாக நடந்தது. கைதிகளின் குடியேற்றக் காலத்திலும், 1949 முதல் கிழக்கு வங்காளத்திலிருந்து வந்த அகதிகள் குடியமர்த்தப்பட்ட காலத்திலும், நெல் விளைவிக்கத் தட்டையான நிலம் வேண்டியிருந்தது. குன்றுகள் நிறைந்த தென் அந்தமானில் அத்தகைய நிலம் பெரும்பாலும் கழிகளின் ஓரங்களிலேயே கிடைத்தது. அங்கு வளர்ந்த அலையாத்திக் காடுகளை, அதாவது ஓதநீரில் வேர் ஊன்றி வளரும் கண்டல் முதலிய மரங்களின் தொகுதியை, அழித்து, கடல்நீர் ஏறாதபடி மண்கரை எழுப்பி, மழைநீர் வடிய மதகு வைத்து வயல்கள் ஆக்கப்பட்டன. நன்னீர்ப் பறவைகள் சில இம்மாற்றத்தால் பயன்பெற்றன என்பதும் உண்மை: உண்ணிக்கொக்கும் மடையானும் உழவரின் பின்னால் வந்தன, கிளுவை பகலில் கழியோரங்களிலும் சிறு தீவுகளிலும் ஒதுங்கி, இரவில் நெல்வயல்களில் மேய்ந்தது. எளிதில் சுடப்படும் வாத்தாகவும் அது ஆயிற்று. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் அது இடம்பெற்றது.

விடுதலைக்குப் பின் ஹுமாயூன் அப்துலலி 1960களில் மேற்கொண்ட ஆய்வு தீவுகளின் பறவைப் பட்டியலை ஒழுங்குபடுத்தியது. ஆயினும் தொகையை எண்ணும் ஆய்வு தொடங்கியது கோயம்புத்தூரை அடுத்த ஆனைகட்டியில் 1990இல் நிறுவப்பட்ட சாலிம் அலி பறவையியல் மையத்தின் வருகையோடுதான். லலிதா விஜயன் தலைமையில் அம்மையம் 1995 முதல் 1998 வரை நடத்திய கணக்கெடுப்பு, அந்தமான் கிளுவைகள் சுமார் 500 முதல் 600 வரையே இருப்பதாக மதிப்பிட்டது. ஹியூமின் காலத்தில் ஒரு பறவையின் மதிப்பு அதன் தோலில் இருந்தது. இக்காலத்தில் அது உயிரோடு நீரில் மிதக்கும் எண்ணிக்கையில் இருந்தது. பறவை நோக்கலின் நெறியே இந்த நூற்றிருபது ஆண்டுகளில் தலைகீழாக மாறியது என்பதை இவ்வேறுபாடு காட்டுகிறது.

2004 டிசம்பர் 26 அன்று சுமத்திராவுக்கு அப்பால் நிகழ்ந்த நிலநடுக்கம் தீவுத்தொடரையே சாய்த்தது. வட அந்தமானின் பகுதிகள் மேலெழுந்தன, தென் அந்தமான் ஏறத்தாழ 1 மீட்டர் தாழ்ந்தது. ஆழிப்பேரலை வந்து வடிந்துவிட்டது. தாழ்ந்த நிலமோ திரும்ப எழவில்லை. மண்கரைகள் உடைந்து, ஒவ்வொரு ஓதத்தின்போதும் கடல்நீர் சிப்பிகாட் போன்ற தாழ்நிலங்களுக்குள் ஏறியது. நெல் விளைந்த வயல்களை இழந்த உழவர் குடும்பங்களுக்கு அது ஈடுசெய்ய இயலாத துயரம்; அத்துயரத்தை மறந்து இச்சதுப்பின் அழகைப் பேசுவது அறமாகாது. தென்னையும் பாக்கும் பட்டு நின்ற அந்நிலத்தில், கடலை ஒட்டிய பகுதி உவர்நீர்க் கழியாகவும், மழைநீர் தேங்கும் மேற்பகுதி கோரை வளர்ந்த நன்னீர்ச் சதுப்பாகவும் மாறியது. முன்னோர் அலையாத்தியிடமிருந்து பெற்ற நிலத்தைக் கடல் திரும்ப எடுத்துக்கொண்டபோது, பறவைகள் அதை முதலில் கண்டுகொண்டன.

அச்சதுப்பின் ஓராண்டு இவ்வாறு அமைகிறது. தென்மேற்கு மழை தொடங்கியதும் நன்னீர்ப் பகுதி நிறைந்து, தாழைக்கோழியும் நீலத் தாழைக்கோழியும் கோரைக்குள் கூடு கட்டுகின்றன. மஞ்சள் குருகும் செங்குருகும் தண்டோடு தண்டாக அசையாமல் நிற்கின்றன. கிளுவை இணைகள் பொந்து தேடிக் காட்டோரங்களுக்குச் செல்வதால் நீர்ப்பரப்பில் அவை குறைந்து தோன்றுகின்றன. மழை ஓயும் முன்பே, ஆகஸ்ட் இறுதியிலிருந்து வடதிசைப் பயணிகள் வரத் தொடங்குகின்றன. இவை பெரும்பாலும் கிழக்கு ஆசிய–ஆஸ்திரலேசியப் பறவைப்பாதையைச் சேர்ந்தவை; அதாவது சைபீரியா, அலாஸ்கா ஆகிய இடங்களில் இனப்பெருக்கம் செய்து, தென்கிழக்கு ஆசியாவின் கரைகளிலும் ஆஸ்திரேலியாவிலும் குளிர்காலத்தைக் கழிப்பவை. பசிபிக் பொன் உப்புக்கொத்தி, மணல் உப்புக்கொத்திகள், சிறு கோட்டான், பலவகை உள்ளான்கள், சின்னஞ்சிறு கொசு உள்ளான்கள் ஆகியவை ஓதம் வடிந்த சேற்றில் இரை தேடுகின்றன. கரையோரப் புதர்களில் பழுப்புக் கீச்சான் அமர்கிறது. ஜனவரிக்குப் பின் நீர் சுருங்கச் சுருங்க, எஞ்சிய நீரில் கிளுவையும் சீழ்க்கைச் சிரவியும் செறிந்து கூடுகின்றன; பட்டுப்போன மரங்களின் உச்சியில் வெண்வயிற்றுக் கடற்கழுகு அமர்ந்து நோக்குகிறது. ஏப்ரலில், பொன் உப்புக்கொத்திகள் வயிற்றில் கருமை படர்ந்த இனப்பெருக்கக் கோலத்தை அணிந்துகொண்டு வடக்கே புறப்படுகின்றன. இன்னும் முதிராத சில பறவைகள் மட்டும் தங்கிவிடுகின்றன.

இச்சுழற்சியை ஆண்டுக்கு ஒருமுறை எடுக்கும் கணக்கு பிடிக்காது. 1987இல் தொடங்கிய ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு ஜனவரியில் நடைபெறுகிறது. உலகளாவிய ஒப்பீட்டுக்கு அது இன்றியமையாதது என்றாலும், அந்தமானில் அது குளிர்கால விருந்தினரின் கணக்கையும் உள்நாட்டுப் பறவைகளின் கூட்டத்தையும் தருமே ஒழிய, ஆகஸ்டில் பொந்து கிடைத்ததா இல்லையா என்பதைச் சொல்லாது. சதுப்பு காக்கப்பட்டும் காட்டோரத்து முதுமரங்கள் அழிந்தால் கிளுவை குறையும்; மரங்கள் நின்றும் சதுப்பு மண் கொட்டி நிரப்பப்பட்டாலும் அது குறையும். நகரம் பெருகும் திசையில், சாலையோரத்தில் கிடக்கும் நிலத்துக்கு இரண்டாவது ஆபத்து எப்போதும் அருகிலேயே உள்ளது.

இங்கு தமிழகத்தின் வேடந்தாங்கலை ஒப்பிட்டுப் பார்ப்பது பயனளிக்கும். அவ்வூர் மக்கள் தம் ஏரியில் கூடும் பறவைகளைச் சுடுவதைத் தடுக்க வேண்டி, 1798இல் செங்கற்பட்டு ஆட்சியராக இருந்த லயனல் பிளேஸிடம் கவுல் என்னும் உரிமைப் பத்திரம் பெற்றனர். அது 1858இல், வாக்கர் சாத்தத்தில் இறங்கிய அதே ஆண்டில், புதுப்பிக்கப்பட்டது. 1936இல் அரசு ஏரியைச் சரணாலயமாக ஏற்றது. அம்மக்கள் பறவையைக் காத்ததற்கு அடிப்படை, ஆண்டு முழுவதும் ஏரியோடு வாழ்ந்ததால் பெற்ற அறிவு: மழைக்குப் பின் வரும் பறவைகளின் எச்சம் ஏரிநீரை உரமாக்க, அந்நீர் வயலுக்குப் பாய்ந்து விளைச்சலைப் பெருக்கியதை அவர்கள் கண்டிருந்தனர். வேடந்தாங்கலில் சட்டத்துக்கு முன்பே பருவ அறிவு இருந்தது. சட்டம் அதன் பின்னால் வந்தது.

சிப்பிகாட்டுக்கு அத்தகைய நெடிய ஊர்மரபு இல்லை. சதுப்பாக அதன் அகவையே 2004இலிருந்துதான் தொடங்குகிறது. ஆனால் தமிழரும் வங்காளியரும் தெலுங்கரும் ராஞ்சியிலிருந்து வந்தோரும் கைதிகளின் வழித்தோன்றல்களும் இணைந்து வாழும் இவ்வட்டாரத்தில், சதுப்பின் கரையிலேயே குடியிருந்து, மழையிலும் வெயிலிலும் அதைக் கடந்து செல்லும் மக்கள் இருக்கின்றனர். வைஸ்ராய்களின் பெயர்களைச் சூட்டியவர்களுக்கும், மார்ச்சில் கப்பலேறி வந்தவர்களுக்கும், ஜனவரியில் எண்ணுவோருக்கும் கிடைக்காத வாய்ப்பு இவர்களுக்கு உண்டு. மாதந்தோறும், ஒரே இடத்தில் நின்று, வந்த பறவையையும் வராத பறவையையும் எழுதி வைக்கும் எளிய ஏடு ஒன்று பள்ளிகளிலும் ஊராட்சிகளிலும் தொடங்கப்படுமானால், இச்சதுப்பைக் காக்க வேண்டும் என்னும் கோரிக்கைக்கு அதைவிட வலிய ஆவணம் வேறு இராது. இரு காற்றுகளையும் மலர்களின் வரிசையையும் கொண்டு ஆண்டை அளந்த முதற்குடிகளின் முறைக்கு, இத்தீவுகளின் பறவை நோக்கல் அவ்வழியில்தான் மீண்டும் நெருங்கி வர முடியும்.